சிறுகுறிஞ்சான் மோரும் மைசூர்பாகு விசாரணையும்

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது இருநூறு பேர் மென்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட விழுங்கவில்லை.

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடம். மேடையில் அப்பா, கழுத்தில் சம்பங்கி மாலை, மடியில் தொழிற்சாலை நண்பர்கள் கொடுத்த சுவர்க்கடிகாரம். அன்று அவருக்குப் பணி ஓய்வு. கீழே இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லோர் கையிலும் காகிதத் தட்டு, தட்டில் கடித்து வைத்த மைசூர்பாகு. எல்லோரும் வாயை மெதுவாக அசைத்தபடி பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் அப்பாவின் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் ஏதோ கெட்ட செய்தி கேட்பதுபோல் இருந்தார்கள்.

முதல் வரிசையில் இருந்த ஒரு பெரிய அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். வாயில் இருந்ததை அதற்குள் பதவிசாக இறக்கினார். கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கைதட்டினார்.

அம்பத்தூரில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்த எனக்கு நல்ல பசி. பரிமாறும் தட்டில் இருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். அருமையான மைசூர்பாகு. வாயில் வைத்ததும் கரைந்தது. இனிப்பும் சரியாக இருந்தது. பின்னே இவர்களுக்கெல்லாம் என்ன வந்தது?

அப்போதுதான் வாசலோரம் அடுக்கி வைத்திருந்த டம்ளர்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை நிறத்தில் நுரை.

கையில் இருந்த மிச்சத் துண்டைத் தட்டிலேயே வைத்தேன்.

நாக்கே கருவி

அந்தப் பச்சை நுரையைப் பற்றிச் சொல்ல, நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மூலிகைக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். இலை, வேர், பட்டை எதுவானாலும் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, பொடியாக்கி மருந்து செய்கிறவர்களுக்கு அனுப்புவது எங்கள் தொழில். என் பதவிக்குப் பெயர் தரக்கட்டுப்பாட்டு அலுவலர். ஆய்வுக்கூடம் என்பது ஒரு தராசு, ஒரு மின்னடுப்பு, கொஞ்சம் லிட்மஸ் தாள், பூட்டிய ஓர் இரும்பு அலமாரி. சாவி முதலாளியிடம். அலமாரிக்குள் என்ன இருந்தது என்று வேலையை விடும்வரை எனக்குத் தெரியவில்லை.

"கருவி எதுக்கும்மா? கடவுள் குடுத்த நாக்கு இருக்கே" என்பார் முதலாளி.

அவர் சொன்னது முழுப்பொய்யும் இல்லை. நிலவேம்பு அரைக்கும் நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். அதில் இருக்கும் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற சரக்கின் கசப்பு, கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறந்து எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். கை கழுவி, முகம் கழுவி, புடவையை உதறிவிட்டுப் பஸ் ஏறுவேன். பத்து நிமிடத்தில் பக்கத்து சீட்டுக்காரர் உதட்டை நக்கிப் பார்த்து முகம் சுளிப்பார். பிறகு முன் சீட்டுக்காரர். ஒருமுறை கண்டக்டர், விரலை எச்சில் தொட்டு டிக்கெட் கிழிக்கிறவர், நாலு டிக்கெட் கிழித்ததும் நின்று, "யாருப்பா டிக்கெட்டுல வெசம் தடவனது?" என்று கத்தினார். நான் ஜன்னல் வழியாகக் அம்பத்தூர் ஏரியை ரசிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

சிறுகுறிஞ்சான் அதைவிட விசித்திரம்.

அது வேலியில் படரும் சாதாரணக் கொடி. வேப்பம்பட்டுப் பக்கம் பறித்து, மூட்டையாகக் கட்டி, மின்சார ரயிலில் கொண்டுவருவார் கன்னியம்மா. அந்த இலையில் ஜிம்னிமிக் அமிலங்கள் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் அவை போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வரும் சர்க்கரைக்கு இடம் கிடைக்காது. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும். இனிப்பு மட்டும் அரை மணியோ ஒரு மணியோ இந்த உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். அதனால்தான் அதற்குச் சர்க்கரைக்கொல்லி என்று இன்னொரு பெயர்.

கன்னியம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த பரிசோதனை இது: "இத்த மென்னுட்டு சக்கரயத் துன்னு பாரும்மா. ஆத்து மணலு மாதிரி கீதுன்னா நல்ல எலை. இனிச்சிச்சின்னா எவனோ வேற எதையோ பறிச்சிகினு வந்துட்டான்னு அர்த்தம்."

என் முதுகலைப் படிப்பில் இதைவிட வேகமான சோதனை எதுவும் இல்லை. தினமும் காலை பதினொரு மணிக்கு நான், பாக்கிங் பெண்கள் இரண்டு பேர், டிரைவர், நால்வரும் வரிசையாக நின்று இலையை மெல்வோம். பிறகு ஆளுக்கு ஒரு கரண்டி சர்க்கரை. "மணல்", "மணல்", "மணல்", "மணல்" என்று நாலு வாக்கு விழுந்தால் சரக்கு தேறிவிட்டது. அதை நான் பதிவேட்டில், 'நான்குக்கு நான்கு' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

அப்பாவின் விரதம்

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதுவரை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு வெல்லமாவது வாயில் போடாமல் எழுந்திருக்காதவர். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றே இனிப்பை விட்டார். கல்யாண வீட்டுப் பாயசம், பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை, காப்பிச் சர்க்கரை, எதுவும் கிடையாது. அப்பா ஒன்றை விட்டால் விட்டதுதான்.

நான் கம்பெனியில் இருந்து சிறுகுறிஞ்சான் பொடி கொண்டுவந்து கொடுத்தேன். குடலில் சர்க்கரை ஏறுவதையும் அது கொஞ்சம் தடுக்கும் என்று படித்திருந்தேன். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். தினமும் காலையில் இஞ்சி, உப்பு போட்ட மோரில் ஒரு கரண்டி கலக்கிக் குடிப்பார். உடம்பு சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. மாத்திரை, நடை, விரதம் மூன்றுக்கும் சேரவேண்டிய பெருமையை அப்பா மோருக்குக் கொடுத்துவிட்டார்.

பார்க்கிறவர்களுக்கெல்லாம் மோரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சளி என்றாலும் மோர், மூட்டுவலி என்றாலும் மோர்.

ஓய்வு விழாவுக்கு வருகிறவர்களுக்கு ரோஸ் மில்க் கொடுப்பதாக அம்மாவும் நானும் பேசி முடித்திருந்தோம். அப்பா எங்களுக்குத் தெரியாமல் அதை நிறுத்திவிட்டார். நிறம் சரியில்லை என்று கம்பெனியில் கழித்துவிட்ட ஒரு டின் பொடியை முதலாளியிடம் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தேன். பச்சைதான் கொஞ்சம் மங்கியிருந்தது, வீரியம் முழுசாக இருந்தது. அதை அப்பா அண்டா மோரில் கொட்டிக் கடைந்துவிட்டார். சிறுகுறிஞ்சானில் சோப்புபோல் நுரைக்கும் சப்போனின்கள் உண்டு, ஆகவே மோர் பொங்கிப் பொங்கி நுரைத்தது. "என்னமா கடைஞ்சிருக்காங்க பாரு" என்று விருந்தாளிகள் பாராட்டிக் குடித்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு மட்டும் ஏன் இதன் குணம் தெரியாமல் போனது? இரண்டு வருடம் மோர் குடித்தார். அந்த இரண்டு வருடமும் இனிப்பை நாக்கில் வைக்கவில்லை. போனது தெரிந்தால்தானே தேடுவார்!

நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் கடித்த துண்டு

மைசூர்பாகுக்குப் பிறகு காப்பி வந்தது. அதிலும் இனிப்பு இல்லை. மிக்சர் மட்டும் பிரமாதம். அதுவே சமையல்காரருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வேலை தெரியாதவர் என்றால் மிக்சரும் கெட்டிருக்க வேண்டும் அல்லவா? அப்படியானால் சர்க்கரையை வேண்டுமென்றே அமுக்கியிருக்கிறார் என்று பின்வரிசையில் முடிவு கட்டிவிட்டார்கள்.

குவார்ட்டர்ஸ் சங்கச் செயலாளர் தண்டபாணி சார் எழுந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. எதையும் கோப்பில் ஏற்றாமல் நம்பமாட்டார். சமையலறைப் பக்கம் போய் ஏகாம்பரம் மாஸ்டரைக் கூட்டிவந்தார்.

ஏகாம்பரம் மாஸ்டர் சென்னீர்குப்பத்துக்காரர். பூந்தமல்லி வட்டாரத்தில் அவர் கையால் மைசூர்பாகு வைக்கக் கல்யாணத் தேதியையே தள்ளிப்போட்ட வீடுகள் உண்டு. ஒல்லி உடம்பு, தோளில் ஒரு ஈரிழைத் துண்டு.

"மாஸ்டர், சர்க்கரை போட்டீங்களா இல்லீங்களா?"

"இன்னா சார் கேள்வி இது? சக்கரை போடாம பாகு எங்கேர்ந்து வரும்? பாகு இல்லாம துண்டு எப்டி நிக்கும்?"

"அப்ப நீங்களே தின்னு பாருங்க."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். அன்றைய மோரில் முதல் டம்ளரை அப்பா அவருக்குத்தான் கொடுத்திருந்தார், மரியாதைக்காக.

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. இன்னொரு துண்டை எடுத்தார். அதை விரலால் நசுக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், மறுபடி வாயில் போட்டார்.

"துண்டு நிக்குது" என்றார் மெதுவாக. "இனிப்பு இல்லியே."

யாரோ சிரித்தார்கள். யாரோ, "சர்க்கரை மூட்டை எந்த வீட்டுக்குப் போச்சு மாஸ்டர்?" என்றார்கள். மாஸ்டர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கரண்டி, ஜல்லடை, பெரிய வாணலி எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு மண்டபத்தை விட்டு நடந்தார்.

வாசலில் நான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மேடையில் அப்பா மாலையோடு எழுந்து நின்று, என்ன நடக்கிறது என்று புரியாமல் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கூட வேலை செய்தவர்கள் முன்னால் அவர் தலை குனியக் கூடாது என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. மாஸ்டர் என்னைக் கடந்து போனார்.

வீட்டுக்கு வீடு சண்டை

விழாவுக்கு வந்தவர்கள் பலர் வீட்டில் இருப்பவர்களுக்கென்று ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் மோர் குடிக்கவில்லை. அவர்களுக்கு மைசூர்பாகு இனித்தது.

அன்று மாலையே குவார்ட்டர்ஸில் சண்டை ஆரம்பித்தது. "சர்க்கரையே இல்லாத மைசூர்பாகு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்த கணவர்களிடம், "உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சா?" என்று கேட்டார்கள் மனைவிகள். எங்கள் எதிர் பிளாக்கில் ஒருவர், மனைவி தன்னை வேண்டுமென்றே மறுத்துப் பேசுகிறாள் என்று கோபித்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டைத் துறந்தார். அவர் மறுநாள் காலை அதே மைசூர்பாகை யாருக்கும் தெரியாமல் தின்று பார்த்து, மனைவி அதில் சர்க்கரைப் பாகு ஊற்றி வைத்திருக்கிறாள் என்று புதுக் குற்றச்சாட்டோடு திரும்பி வந்தார்.

தண்டபாணி சார் விவரமானவர். விழா அன்றே நாலு துண்டுகளைச் சாட்சிப் பொருளாக ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் மூன்று பேர் கையெழுத்து வாங்கி, சங்கத்து நூலக பீரோவில் பூட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு விசாரணை என்று அறிவிப்புப் பலகையில் எழுதினார்.

வீட்டில் நான் அப்பாவிடம் மோர்தான் காரணம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"ரெண்டு வருஷமா குடிக்கிறேன்டி. எனக்கு என்ன ஆச்சு? உப்பு தெரியுது, உறைப்பு தெரியுது."

"இனிப்பு தெரியுதாப்பா?"

"நான் எங்க இனிப்பு தின்னேன்?"

"அதைத்தான் சொல்றேன்."

"அது வேற விஷயம்" என்றார் அப்பா.

ஒரு சிட்டிகை சர்க்கரையை வைத்துச் சோதித்துவிடலாம் என்று அம்மா கரண்டியோடு வந்தார். விரதம் கெட்டுவிடும் என்று அப்பா வாயை மூடிக்கொண்டார். நான் தண்டபாணி சாரிடம் போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "ஞாயித்துக்கிழமை நானே ஊர் முன்னாடி பேசிக்கறேன்" என்றார் அப்பா. எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு வாரத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

விசாரணை

ஞாயிறு காலை மண்டபத்தில் விழாவுக்கு வந்ததைவிட அதிகக் கூட்டம். மாஸ்டருக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். அவர் வரவில்லை.

பிளாஸ்திரி பிரிக்கப்பட்டது. கையெழுத்துகள் சரியாக இருக்கின்றன என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள். தண்டபாணி சார் ஒரு துண்டின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மண்டபமே அவர் தாடையைப் பார்த்தது.

"ஏனுங்க, இது இனிக்குதுங்களே!"

சங்கக் கமிட்டிக்காரர்கள் இருவரும் தின்று பார்த்தார்கள். இனித்தது. "டப்பாவை மாத்திட்டாங்க" என்று ஒரு குரல். பூட்டு உடையவில்லை, பிளாஸ்திரி கிழியவில்லை. "ஊற ஊற இனிப்பு ஏறியிருக்கும், ஊறுகாய்ல உப்பு ஏறுற மாதிரி" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். பலருக்கு அது சரியாகப் பட்டது. 'பொருள் இனிப்பாக உள்ளது' என்று குறிப்பேட்டில் ஏறியது.

அப்போது அப்பா வந்தார். இரண்டு கையிலும் இரண்டு வாளி. வாளி நிறையப் பச்சை மோர்.

"எம் பொண்ணு, இந்த மோர்தான் எல்லாத்துக்கும் காரணம்னு சொல்றா. நான் இல்லைங்கறேன். எல்லாரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிங்க. குடிச்சிட்டு அந்த மைசூர்பாகைத் தின்னுங்க. இனிச்சா நான் சொன்னது சரி. இனிக்கலைன்னா எம் பொண்ணு சொன்னது சரி."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படித்த படிப்பு உள்ளே இருந்து எட்டிப் பார்த்தது.

"ரெண்டு பேர் மட்டும் குடிக்கக் கூடாது" என்றேன்.

குவார்ட்டர்ஸ் தோட்டக்காரரையும், கணவரோடு ஒரு வாரமாகப் பேசாமல் இருந்த எதிர் பிளாக் அம்மாளையும் தனியாக நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். மற்ற எல்லோரும் மோரை வாயில் வைத்துச் சுழற்றி மெதுவாகக் குடிக்க வேண்டும் என்றேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக நடத்திய ஒரே பரிசோதனை அதுதான். அதைக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் நடத்தவில்லை, ஆவடி சமுதாயக் கூடத்தில் நடத்தினேன்.

ஐந்து நிமிடம் கழித்து தண்டபாணி சார் அதே துண்டின் மறு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் மாறியது. "மண்ணுங்க" என்றார்.

கமிட்டிக்காரர்களும் மண் என்றார்கள். தோட்டக்காரர், "நல்லா இனிக்குது சார், இன்னொண்ணு குடுங்க" என்றார். எதிர் பிளாக் அம்மாள் தின்று முடித்தார். எழுந்துபோய்த் தன் கணவர் முன்னால் நின்றார். கணவர் கூரையைப் பார்த்தார்.

குறிப்பேடு எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இனிப்பு இருக்குன்னு எழுதவா, இல்லைன்னு எழுதவா?" என்று கேட்டார்.

"ரெண்டையும் எழுதுங்க" என்றார் தண்டபாணி சார். "மொத தடவை இருந்துச்சு. ரெண்டாந் தடவை இல்லை."

மேசையில் கடைசியாக ஒரு துண்டு இருந்தது. அப்பா அதை எடுத்தார். நான் தடுப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். மோரும் ஒரு டம்ளர் குடித்திருந்தார். கண்ணை மூடி மென்றார். எங்களுக்கெல்லாம் வயிறு காய்கிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மைக்கைக் கையில் வாங்கினார்.

"தப்பு மாஸ்டர் மேல இல்லை. என் மேல."

மைக்கை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ரெண்டு வருஷம் கழிச்சு ஒண்ணு வாயில வைக்கிறேன், சுகுணா. அதுவும் மண்ணு."

சென்னீர்குப்பத்தில் ஒரு மணி நேரம்

அன்றைக்கே பூந்தமல்லி பஸ் பிடித்து சென்னீர்குப்பத்தில் இறங்கினோம். அப்பா கையில் வாணலி, தண்டபாணி சார் கையில் ஜல்லடையும் கரண்டிகளும், என் பையில் கன்னியம்மா கொண்டுவந்த பச்சை இலை ஒரு கைப்பிடி.

மாஸ்டர் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. லாரி போகும்போதெல்லாம் ஓடு அதிர்ந்தது. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவிதான் பேசினார். "ஒரு வாரமா அடுப்பே பத்த வெக்கல சார். முகப்பேர்ல ஒரு கல்யாணம், ஊடு தேடி வந்தாங்கோ, முடியாதுன்ட்டாரு. டீ கூட வேணாங்கிறாரு. வாயில எத்த வெக்கவும் பயப்படுறாரு."

"ஏன் மாஸ்டர்?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "எங்க நைனாக்கு இப்டித்தாம்மா ஆரம்பிச்சிது. அவரும் கரண்டி புடிச்சவரு. மொதல்ல உப்பு போட மறந்தாரு. அப்பால ஊட்டுக்கு வழி மறந்தாரு. கடசில என்னயே யாருன்னு கேட்டாரு. அன்னிக்கு நான் சக்கரய அளந்தது நெனப்பு கீது. பாகு காச்சனது நெனப்பு கீது. வாயில வெச்சா இல்ல. அப்ப அந்த நெனப்பே பொய்யின்னுதான அர்த்தம்?"

மண்டபத்தில் அவர் வெட்கப்பட்டு வெளியேறினார் என்றே நான் நினைத்திருந்தேன். அவர் பயந்து போயிருக்கிறார். அந்தப் பயத்தோடு ஒரு வாரம் இருந்திருக்கிறார், என் வாய் மூடியிருந்த அந்த ஒரு வாரம்.

நான் இலையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மென்று பார்க்கச் சொன்னேன். முகம் கோணினாலும் மென்றார். அவர் மனைவி டப்பாவில் இருந்து சர்க்கரை கொண்டுவந்தார். ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். பிறகு ஒரு கை நிறைய அள்ளிப் போட்டுக்கொண்டார். கடைவாயில் சர்க்கரை நறநறவென்று அரைபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"மண்ணு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "இந்த எலைதான் மோர்ல இருந்திச்சா?"

"ஆமாம் மாஸ்டர்."

"அப்ப நான் மறக்கல."

"இல்லை மாஸ்டர்."

மனைவி பக்கம் திரும்பினார். "ந்தா, நான் மறக்கல!" அந்த அம்மாள் சர்க்கரை டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அழுத சத்தத்தை ஒரு லாரி மூடிக்கொண்டது.

அப்பா கைகூப்பி நின்றார். மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பெரிய மன்சன் சார். ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம் இல்ல?" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. தண்டபாணி சார், யாரும் சொல்லாமலே மீதி இலையில் பாதியை எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அதுதான் போலிருக்கிறது.

மாஸ்டர் எழுந்தார். வாணலியை வாங்கினார். அடுப்பு பற்றியது. இனிப்புத் தெரியாத நாக்கோடுதான் பாகு காய்ச்சினார், மாவைத் தூவினார், நெய்யை ஊற்றினார். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தவர் சட்டென்று கையை நிறுத்தினார்.

"ந்தா, இந்த நெய்யி எப்ப வாங்கனது?"

"போன மாசம். ஏன்?"

"காறுது. இத்தினி நாளா சக்கரை இத்த மூடிகினு இருந்திச்சி."

வாணலியில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் புது டின்னை உடைத்து, முதலில் இருந்து ஆரம்பித்தார். பிற்பாடு பல வருடம் மாதம் ஒரு பை சிறுகுறிஞ்சான் இலை என் மூலமாக அவருக்குப் போனது. இலையை மென்று, இனிப்பை ஒழித்துவிட்டு, நெய்யையும் மாவையும் வெறும் நாக்கால் பார்த்த பிறகுதான் வாணலியை இறக்குவார். எங்கள் கம்பெனியில் கூட அப்படி ஒரு தரக்கட்டுப்பாடு நடந்ததில்லை.

அன்று துண்டு போட்டு ஒரு தட்டில் கொண்டுவந்து பெஞ்சின் நடுவில் வைத்தார். ஆவி பறந்தது. நான் ஒன்றை எடுத்துக் கடித்து வாயைத் திறந்தேன்.

"நீ சொல்லாதம்மா" என்றார் மாஸ்டர். "நீ எலை துன்னல. உன் சாட்சி செல்லாது."

அப்பா காலையில் மோர் குடித்து நேரம் ஆகியிருந்தது. புளியங்கொட்டை அளவு கிள்ளி அவருக்குக் கொடுத்தேன். வாயில் வைத்தவர் அசையவே இல்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இனிக்குது மாஸ்டர்" என்றார்.

"நீ மோர்க்காரன். உன் சாட்சியும் செல்லாது."

மிச்சம் இருந்தது, மண்டபத்தில் அவரைக் கூண்டில் நிறுத்திய தண்டபாணி சார். பெங்களூர் போகும் லாரிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் ஒரு ஓரம் கிள்ளி வாயில் போடுவார். "இன்னும் மண்ணுங்க" என்பார். மாஸ்டர் தலையாட்டுவார். மறுபடி லாரி. மறுபடி ஒரு ஓரம். "மண்ணுதானுங்க." மாஸ்டரின் கை தோள் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

இலையை மென்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தண்டபாணி சார் ஒரு ஓரத்தை வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி மென்றார். முழுத்துண்டு ஒன்றை எடுத்தார். அது போனதும் இன்னொன்று. மூன்றாவதுக்குக் கை நீண்டபோது மாஸ்டர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போதும் சார்" என்றார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். "முகப்பேர் போகணும். கல்யாணத்துக்கு வேற ஆளப் பேசறதுக்குள்ள போகணும்."